முறை வந்தவர்கள்: பொட்டோசிப் பயணக் குறிப்புகள்

முதல் நாள், புதன்

பொலிவியாவின் சூக்ரேயில் பஸ் ஏறியபோது வெயில் இதமாக இருந்தது. மூன்றரை மணி நேரம் கழித்துப் பொட்டோசியில் இறங்கினால் காற்று முகத்தில் அறைகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதியின் படியில் பத்துப் படி ஏறியிருப்பேன், மூச்சு வாங்கியது. காதுக்குள் இதயம் அடிப்பது கேட்டது.

"மெதுவா நடடா, யாரும் துரத்தல" என்றாள் அக்கா. முப்பது வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் இல்லாமல் எங்கும் கிளம்ப மாட்டாள். எனக்கு 84 காட்டியது, அவளுக்கு 87. இந்த ஊர் 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, தொட்டபெட்டாவைப் போல ஒன்றரை மடங்கு உயரம். விடுதிக்கார அம்மா ஒன்றும் கேட்காமலே இரண்டு கோப்பை வெந்நீரில் கோக்கா இலையைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். பச்சை வாசனை, லேசான கசப்பு. ஒரு மணி நேரத்தில் தலைவலி குறைந்தது.

ஜன்னலைத் திறந்தால் எதிரே மலை. செம்மண்ணைக் கூம்பாகக் குவித்து வைத்தது போல, மரம் செடி எதுவும் இல்லாமல் தனியாக நிற்கிறது. ஸ்பானியர்கள் வைத்த பெயர் செர்ரோ ரிக்கோ, பணக்கார மலை. ஆண்டீஸ் மலை மக்களின் கெச்சுவா மொழியில் சுமாக் ஓர்க்கோ, அழகிய மலை. 1545-ல் தியேகோ உவால்ப்பா என்ற ஆண்டியப் பூர்வகுடி மனிதர் இங்கே வெள்ளி இருப்பதைக் கண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அடுத்த எழுபது வருடத்துக்குள் இந்த வறண்ட மேட்டில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் குடியேறிவிட்டார்கள். அன்றைய ஐரோப்பாவின் பெரிய நகரங்களோடு ஒப்பிடக்கூடிய கூட்டம்.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் ஒரு சொல். மீத்தா. கெச்சுவாவில் அதற்கு அர்த்தம் "முறை". கண்மாய்த் தண்ணீரில் இன்றைக்கு யார் முறை, திருவிழாவில் இந்த வருடம் மண்டகப்படி யார் முறை என்று நாம் கேட்கும் அதே முறை. ஸ்பானியர்களுக்கு முன் இங்கே ஆண்ட இன்கா அரசில் ஒவ்வொரு குடும்பமும் தன் முறை வரும்போது சாலை போட, பாலம் கட்ட, அரசு நிலத்தில் பயிர் செய்யப் போகும். போனவர்களுக்குச் சாப்பாடும் சோளக் கள்ளும் துணியும் அரசு கொடுக்கும். அவர்கள் திரும்பும் வரை ஊர்க்காரர்கள் அவர்கள் வயலைப் பார்த்துக்கொள்வார்கள். இன்கா அரசும் இரக்கமுள்ள அரசு கிடையாது, ஊர்களைக் கூண்டோடு பெயர்த்து வேறு இடத்தில் வைத்தவர்கள்தான். ஆனாலும் அந்தச் சொல்லுக்குள் கொடுத்தலும் வாங்கலும் இரண்டுமே இருந்தன. ஸ்பானியர்கள் வந்து அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்க்கத்தான் இந்த ஒரு வாரம்.

இரவு பனி. மூன்று கம்பளி போர்த்தியும் கால் சூடாகவில்லை.

இரண்டாம் நாள், வியாழன்

காலையில் சந்தையில் அப்பி குடித்தோம். ஊதாச் சோளத்தில் பட்டை, கிராம்பு போட்டுக் காய்ச்சிய கெட்டியான பானம், கூடவே எண்ணெயில் பொரித்த மெல்லிய அப்பம். அப்புறம் நேராக நாணயச்சாலை.

முதல் நாணயச்சாலை 1572-ல் தொடங்கியது. இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் பிரம்மாண்டமான கட்டடம் 1770களில் முடிந்தது. ஒரு முழுத் தெருவையும் அடைத்துக்கொண்டு கோட்டை மாதிரி நிற்கிறது. உள்ளே ஒரு கூடத்தில் மரத்தாலான தகடு உருட்டும் இயந்திரங்கள் இருக்கின்றன. பல் சக்கரம் ஒவ்வொன்றும் ஆளைவிட உயரம். ஸ்பெயினில் செய்து, கப்பலில் ஏற்றி, தென் அமெரிக்காவின் குறுக்கே இழுத்து வந்தவை. அவற்றைச் சுழற்றியது கீழ்த்தளத்தில் இருந்த கோவேறு கழுதைகள். கீழே இறங்கிப் பார்த்தோம். தாழ்ந்த கூரை, நடுவில் தூண், அதைச் சுற்றி வட்டமான தடம். இந்த உயரத்தில் நான் பத்துப் படி ஏறினதற்கே அந்தப் பாடு. நாள் முழுக்கச் சுற்றிய விலங்குகள் எத்தனை நாள் தாங்கியிருக்கும்? நாணயச்சாலையில் அடிமைகளாக வாங்கிவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் வேலை செய்தார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தச் சுவரிலும் இல்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய நாணயங்கள். வட்டமாகக்கூட இல்லை, வெட்டிய வெள்ளித் துண்டில் சுத்தியலால் முத்திரை அடித்தது. ஓரத்தில் பொட்டோசியின் அடையாள எழுத்து. இந்த நாணயங்கள் உலகம் முழுக்கப் போயின. மணிலா வழியாகச் சீனாவுக்குப் போயின. பதினேழாம் நூற்றாண்டில் டச்சு, ஆங்கிலக் கம்பெனிகள் சோழமண்டலக் கரையில் துணி வாங்கக் கொண்டுவந்த வெள்ளியில் பெரும்பங்கு ஸ்பானிய ரியால்கள்தான். நம் கரையில் இறங்கியதும் உருக்கி உள்ளூர்க் காசாக அடித்துவிட்டார்கள். நம் நெசவாளி ஒருவர் கைக்கு வந்த கூலியில் இந்த மலையின் ஒரு துளி இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே அந்தப் பெட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

மாடியில் ஒரு ஓவியம். பதினெட்டாம் நூற்றாண்டில் வரைந்தது, வரைந்தவர் பெயர் கிடையாது. மலையே மாதாவாக இருக்கிறது. முகமும் இரண்டு கைகளும் மட்டும் வெளியே தெரிகின்றன. மலைச்சரிவுதான் மாதாவின் பாவாடை. மேலே பிதாவும் சுதனும் கிரீடம் சூட்டுகிறார்கள். கீழே போப்பும் ஸ்பானிய மன்னரும் மண்டியிட்டிருக்கிறார்கள். இரு பக்கமும் சூரியனும் நிலாவும். ஐரோப்பிய மாதா படத்துக்குள் ஆண்டிய மலைத் தாயைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டான் அந்த ஓவியன் என்றுதான் எனக்குப் பட்டது. அருகே போய்ப் பார்த்தால் அந்தப் பாவாடையின் மேல் எறும்பு அளவில் பாதைகளும் லாமாக்களும் மனிதர்களும். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "இவங்கதான்டா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

இவர்கள் எப்படி இங்கே வந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் இருபது வருடம் மேல்மட்டத்து வெள்ளி நல்ல தரமானது. அதை உருக்கியவர்கள் ஆண்டிய மக்கள்தான். உவாய்ரா என்ற சின்னக் களிமண் உலையை மலைச்சரிவில் வைத்து, லாமாச் சாணமும் காட்டுப் புல்லும் எரித்து, காற்றின் வேகத்திலேயே உருக்கினார்கள். ஸ்பானியர்களுக்கு அந்த வித்தை கைவரவில்லை. அதனால் அப்போது ஆண்டிய மக்களின் கை ஓரளவு ஓங்கியே இருந்தது. 1560களில் நல்ல தாது தீர்ந்துபோனது. தரம் குறைந்த தாதுவிலிருந்து வெள்ளி எடுக்கப் பாதரசம் வேண்டும், அரைக்க ஆலை வேண்டும், ஆலைக்குத் தண்ணீர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆயிரக்கணக்கில் கைகள் வேண்டும். தானாக யாரும் வரவில்லை.

1572 கடைசியில் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேடோ பொட்டோசிக்கு வந்தார். அவர் வருமுன்பே, 1570-ல், லிமாவில் ஒரு சபை கூடி, சுரங்கம் பொது நன்மைக்கானது, ஆகவே கட்டாயப்படுத்தலாம் என்று சொல்லிவிட்டது. கூஸ்கோ பக்கத்திலிருந்து தாரிஹா வரை 16 மாகாணங்கள். 18 முதல் 50 வயது வரையான ஆண்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவர், வருடத்துக்குச் சுமார் 13,500 பேர், பொட்டோசிக்கு வர வேண்டும். மூன்று பங்காகப் பிரித்து, ஒரு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு. எந்த நேரமும் சுமார் 4,500 பேர் வேலையில் இருப்பார்கள். காகிதத்தில் படித்தால் ஒழுங்கான ஏற்பாடு போலத்தான் தெரிகிறது. கூலிகூட உண்டு: சுரங்கத்துக்குள் ஒரு நாளைக்கு மூன்றரை ரியால்.

ஐந்து நாளுக்குப் பதினேழரை ரியால். எட்டு ரியால் ஒரு பேசோ. அதாவது வாரத்துக்கு இரண்டு பேசோவுக்குக் கொஞ்சம் மேலே. அதில் சுரங்கத்துக்குள் எரிக்கும் மெழுகுவர்த்தியைத் தன் காசில் வாங்க வேண்டும். எல்லாமே வெளியூரிலிருந்து சுமந்து வரும் இந்த ஊரில் விலைவாசி மிக அதிகம். ஊருக்கு ராஜ வரி தனி. அந்த இரண்டு வார "ஓய்வில்" பெரும்பாலானவர்கள் பிழைப்புக்காக அதே சுரங்கத்தில் மிங்கா என்ற கூலியாளாகச் சேர்வார்கள். மிங்காவுக்குக் கணிசமாகக் கூடுதல் கூலி, தாதுவிலும் கொஞ்சம் கிடைக்கும். அதே ஆள், அதே குழி, அதே சுத்தியல். முறை வாரத்தில் ஒரு விலை, மற்ற வாரத்தில் வேறு விலை. அந்த இரண்டு விலைக்கும் இடையில் இருந்த வித்தியாசம் சுரங்க முதலாளியின் பைக்குப் போனது.

மூன்றாம் நாள், வெள்ளி

சுரங்கத்துக்குள் போவதா வேண்டாமா என்று இரண்டு பேரும் நேற்று இரவு வெகுநேரம் பேசினோம். அடுத்தவர்களின் கஷ்டத்தைக் காசு கொடுத்து வேடிக்கை பார்ப்பதா என்பது அக்காவின் கேள்வி. கடைசியில் சுரங்கத்திலேயே வேலை பார்த்த ஒரு பெண்மணி எங்களை அழைத்துப் போவதாகச் சொன்னார். போட்டோ எடுக்கக் கூடாது, இரண்டு பேருக்கு மேல் கூட்டம் சேர்க்க மாட்டேன் என்றார். சரி, போகலாம் என்று முடிவானது.

முதலில் சுரங்கத் தொழிலாளர் சந்தை. கோக்கா இலை, சிகரெட், 96 சதவீத ஆல்கஹால், டைனமைட் குச்சி எல்லாம் காய்கறி மாதிரி ஒரே கடையில். கோக்காவும் குளிர்பானமும் வாங்கினோம். அக்கா தூசு முகமூடி ஒரு பெட்டி வாங்கினாள்.

நுழைவாயிலின் கல் வளைவு காலனி காலத்தது. அதன் மேல் காய்ந்துபோன லாமா ரத்தம் கறுப்பாக ஒட்டியிருந்தது. முதல் ஐம்பது மீட்டர் குளிர், அப்புறம் சூடு. கூரை தாழத் தாழக் குனிந்து, பிறகு தவழ்ந்து போனோம். காலடியில் காவி நிறத் தண்ணீர். கோப்பஹீரா என்கிறார்கள். அமிலம், துணியில் பட்டால் ஓட்டை விழும். ஒரு டன்னுக்கு மேல் தாது ஏற்றிய தள்ளுவண்டியை இரண்டு பேர் குனிந்தபடியே ஓட்டி வந்தார்கள். சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டோம். இன்று இங்கே எடுப்பது பெரும்பாலும் துத்தநாகமும் ஈயமும், கூடக் கொஞ்சம் வெள்ளி.

ஒரு இடத்தில் பக்கவாட்டில் குறுகிய பழைய குழி கீழே இறங்கியது. உளி பட்ட தழும்புகள் சுவரில் அப்படியே இருந்தன. வெடிமருந்து வருவதற்கு முந்தைய காலத்து வேலை என்றார் வழிகாட்டி. 1590-ல் ஹோசே தெ அகோஸ்டா என்ற ஏசு சபைப் பாதிரியார் இந்த மலைச் சுரங்கங்களைப் பற்றி எழுதியது நினைவுக்கு வந்தது. தோலை முறுக்கிய மூன்று தடித்த கயிறுகள், இடையிடையே கட்டை. ஒரு பக்கம் ஏறுவார்கள், மறுபக்கம் இறங்குவார்கள். ஆளுக்கு இரண்டு அரோபா, அதாவது 23 கிலோ அளவுக்குத் தாது. அதைத் தங்கள் கம்பளியிலேயே மூட்டையாக்கி, மார்புக்குக் குறுக்கே முடிந்து முதுகில் போட்டுக்கொள்வார்கள். மூன்று மூன்று பேராக ஏறுவார்கள். இரண்டு கையும் ஏணியைப் பிடிக்க வேண்டும் என்பதால் முன்னால் போகிறவர் மெழுகுவர்த்தியைக் கட்டைவிரலில் கட்டிக்கொள்வார்.

வழிகாட்டி எங்கள் தலைவிளக்குகளை அணைக்கச் சொன்னார். அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததில்லை. கண்ணைத் திறந்திருக்கிறேனா மூடியிருக்கிறேனா என்றுகூடப் புரியவில்லை. எங்கோ தண்ணீர் சொட்டியது. என் கட்டைவிரலை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. அந்த விரலில் உருகி வழியும் மெழுகு, வாங்கிய காசு கூலியில் கழிந்த மெழுகு, கீழே இருட்டில் ஏணி. விளக்கைப் போடும் வரை அக்கா என் கையை விடவில்லை.

உள்ளே ஒரு குகையில் தீயோ உட்கார்ந்திருக்கிறார். கொம்பு, கண்ணாடிக் கண்கள், திறந்த வாய், மடி நிறையக் கோக்கா இலை. பூமிக்குக் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர். செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு உகந்த நாள். மூன்று தொழிலாளர்கள் சுற்றி உட்கார்ந்து, சிகரெட்டைப் பற்ற வைத்து அவர் வாயில் செருகி, தரையில் ஆல்கஹால் தெளித்தார்கள். சுருட்டும் சாராயமும் வாங்கிக்கொள்ளும் காவல் தெய்வங்களின் நடுவே வளர்ந்த எங்களுக்கு அந்த இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஸ்பானிய மொழியில் தீயோ என்றால் மாமா, சித்தப்பா. கெச்சுவாவில் "d" ஒலி கிடையாது என்பதால், கடவுளைக் குறிக்கும் "தியோஸ்" என்ற ஸ்பானியச் சொல்தான் தீயோ ஆனது என்றும் சொல்வதுண்டு. கடவுள் மேலே கோயிலில் இருந்தார், அது ஸ்பானியர்களின் இடம். இங்கே கீழே துணைக்கு இருந்தவர் இவர் ஒருவர்தான்.

அதில் ஒருவர் பேச்சுக்கு நடுவே இருமினார். நாற்பது வயது இருக்கலாம். அக்கா அவர் விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் சொன்னாள், "நகம் எல்லாம் உருண்டு வீங்கியிருக்கு, கவனிச்சியா? நுரையீரல் போயிடுச்சுடா." கல்தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ். எங்கள் வழிகாட்டியின் அப்பா போனதும் அதில்தான். முகமூடிப் பெட்டியை அக்கா அவர்களிடமே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

இன்றைய தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கங்களில் வேலை செய்பவர்கள், சட்டப்படி யாரும் அவர்களை இழுத்து வருவதில்லை. அதை மித்தாயோக்களின், அதாவது மீத்தா முறையில் இழுத்து வரப்பட்டவர்களின், நிலையோடு ஒன்றாக்கிப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் 1980களின் நடுவில் அரசுச் சுரங்கங்கள் மூடப்பட்டபின் இந்த ஊரில் வேறு என்ன வேலை இருந்தது என்று வழிகாட்டி கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நான்காம் நாள், சனி

ஊருக்கு மேலே காரி காரி மலைத்தொடரில் ஏரிகளைப் பார்த்து வந்தோம். ஆலைகளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று 1570களிலிருந்து மித்தாயோக்களைக் கொண்டு கட்டியவை. கல் அணைகள் இன்னும் திடமாக நிற்கின்றன, ஊருக்கு இன்றும் தண்ணீர் தருகின்றன. 1626 மார்ச்சில் இவற்றில் ஒன்று உடைந்து, ஊருக்குள் பாய்ந்து, ஆற்றோரத்து ஆலைகளில் பெரும்பாலானவற்றை அடித்துக்கொண்டு போனது.

அந்த ஆற்றோரத்தில் ஓர் ஆலையின் இடிபாடு. தூளாக்கிய தாதுவோடு உப்பும் பாதரசமும் கலந்து சேறாக்கி, வெறுங்காலால் மிதித்தார்கள். பிறகு சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கினால் வெள்ளி மிஞ்சும். அந்த ஆவி போன இடம் பக்கத்தில் நின்றவர்களின் மூச்சு. பாதரசம் வந்தது பெருவில் உள்ள உவான்காவெலிக்காவிலிருந்து. அங்கேயும் தனியாக ஒரு மீத்தா இருந்தது. அங்கே போனவர்களுக்குக் கை கால் நடுக்கம் கண்டு உடம்பு உருக்குலைந்தது.

மித்தாயோக்கள் சனிக்கிழமை மாலைதான் மலையிலிருந்து இறங்குவார்கள். அவர்களுடைய குடியிருப்பு மலைப்பக்கம், மாகாணவாரியாகத் தனித்தனித் திருச்சபைப் பங்கு, தனிக் கோயில். மாலை சான் லொரென்சோ கோயிலின் முகப்பைப் பார்த்தோம். கல்லில் சூரியன், நிலா, நட்சத்திரம், நரம்புக் கருவி மீட்டும் கடல்கன்னிகள். ஆண்டியக் கைகள் செதுக்கியது என்று பார்த்தவுடன் தெரிகிறது. கோயிலின் அழகைச் சொல்லும்போது எனக்குக் குரல் தடுமாறுகிறது. அழகாகத்தான் இருக்கிறது.

ஐந்தாம் நாள், ஞாயிறு

காய்ச்சல் மாதிரி இருந்ததால் அறையிலேயே இருந்தேன். மதியம் அக்கா பக்கத்துக் கடையில் கலாபுர்கா வாங்கித் தந்தாள். கெட்டியான சோளக்கூழ், மிளகாய், இறைச்சி. நடுவில் நெருப்பில் சுட்ட எரிமலைக் கல் ஒன்றைப் போட்டுத் தருகிறார்கள். மண்சட்டியில் கல் சீறிக்கொண்டே இருக்கிறது, கடைசி வாய் வரை கொதிக்கிறது. இந்தக் குளிருக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது.

படுத்துக்கொண்டே குறிப்புகளைப் புரட்டினேன். தொலேடோ தலை எண்ணியது 1570களில். அப்புறம் கொள்ளைநோய் திரும்பத் திரும்ப வந்து ஊர்கள் காலியாயின. ஆனால் அனுப்ப வேண்டிய ஆள்கணக்கு அதற்கேற்ப இறங்கவில்லை. ஏழு வருடத்துக்கு ஒருமுறை வர வேண்டிய முறை, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்தது. கணக்கு குறைந்தால் ஊர்த்தலைவரான குராக்காவின் சொத்தைப் பறிப்பார்கள், சிறையில் போடுவார்கள். பிறந்த ஊரில் இருந்தால்தான் முறை பிடிக்கும் என்பதால் ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டே போனார்கள். நிலமும் குலதெய்வமும் சொந்தமும் இல்லாமல் வேற்றூரில் வந்தேறிகளாகப் பிழைத்தார்கள்.

ஆள் கொடுக்க முடியாத ஊர்கள் அவர்களுக்குப் பதிலாக வெள்ளியாகக் கட்டின. அந்தப் பணத்தில் கூலியாள் வைக்க வேண்டும் என்பது பேச்சு. பல முதலாளிகள் சுரங்கத்தையே மூடிவிட்டுப் பணத்தை மட்டும் வாங்கிச் சாப்பிட்டார்கள். அப்படி வராத ஆட்களுக்கு அந்தக் காலத்திலேயே ஒரு பெயர் இருந்தது: சட்டைப்பை இந்தியர்கள். ஒரு மனிதனின் முறையைக் காசாக்கிப் பையில் போட்டுக்கொள்வதற்கு ஒரு சொல்லே புழங்கியிருக்கிறது என்றால், அது எவ்வளவு சாதாரணமாக நடந்திருக்க வேண்டும்.

பேசியவர்களும் இருந்தார்கள். தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ் என்ற துறவி, கெச்சுவா மொழிக்கு முதல் இலக்கணமும் அகராதியும் எழுதியவர், 1550-லேயே பொட்டோசியை நரகத்தின் வாய் என்று கடிதத்தில் எழுதினார். தொலேடோவின் மீத்தா வருவதற்கு இருபது வருடத்துக்கும் முன்பு அது. 1660களின் கடைசியில் வைஸ்ராயாக வந்த லெமோஸ் பிரபு மீத்தாவை ஒழிக்கவே பார்த்தார், முடியவில்லை. 1777-ல் லிமாவுக்குப் போய், எங்கள் ஊர்க்காரர்களைப் பொட்டோசிக்கு அனுப்பாதீர்கள் என்று மனு கொடுத்தவர் ஒரு குராக்கா, கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றிச் செல்லும் தொழில் செய்தவர். மனு தள்ளுபடியானது. 1780 நவம்பரில் தூப்பாக் அமாரு என்ற பெயரோடு அவர் எழுந்தார். 1781 மே மாதம் கூஸ்கோ சதுக்கத்தில் அவரைக் கொன்றார்கள். பொட்டோசிக்கு வடக்கே சயந்தாவைச் சேர்ந்த தொமாஸ் கத்தாரி தங்கள் குறையைச் சொல்ல புவெனஸ் ஐரெஸ் வரை நடந்தே போனார். தமிழில் இதற்கு முறையிடுதல் என்று பெயர். இத்தனை பேர் இத்தனை காலம் முறையிட்டும், ஸ்பானிய நாடாளுமன்றம் மீத்தாவை ஒழிக்கச் சட்டம் போட்டது 1812-ல்தான். 1825-ல் விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவார் வந்தபின் அது முழுக்க முடிந்தது.

ஆறாம் நாள், திங்கள்

காய்ச்சல் விட்டது. விடியற்காலையில் மலையடிவாரத்துக்குப் போனோம். திங்கட்கிழமையில் அங்கே நிற்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன். முறை வந்தவர்களை ஊர்வாரியாக அணிவகுத்து, தலை எண்ணி, முதலாளிகளிடம் ஒப்படைத்தது திங்கட்கிழமைகளில், இந்த அடிவாரத்தில். எண்ணிக்கை குறைந்த ஊரின் தலைவருக்கு அடி விழுந்ததும் இங்கேதான்.

இப்போது இங்கே வேன்கள் வந்து நிற்கின்றன. ஹெல்மெட்டும் ரப்பர் பூட்ஸும் போட்டவர்கள் கன்னத்தில் கோக்காவை அடக்கிக்கொண்டு ஏறிப் போகிறார்கள். பல்லீரி என்னும் பெண்கள், கழிவுக் குவியலில் கல் உடைத்து மிச்சத் தாதுவைப் பொறுக்குபவர்கள், வேன் இல்லாமல் நடந்தே ஏறுகிறார்கள். மலையின் உச்சி 2011-ல் ஓரிடத்தில் உள்வாங்கியது. ஐந்து நூற்றாண்டு குடைந்த மலை. யுனெஸ்கோ 2014-ல் பொட்டோசியை ஆபத்தில் உள்ள பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது.

இங்கே வருகிறவர்களிடம் 80 லட்சம் பேர் இந்த மலையில் இறந்தார்கள் என்று சொல்வது வழக்கம். வரலாற்றாய்வாளர்கள் அந்த எண்ணை ஏற்பதில்லை, அன்றைய மக்கள்தொகைக்கே அது பொருந்தாது. எனக்கு அந்தப் பெரிய எண் தேவைப்படவும் இல்லை. 1600-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஓர் அறிக்கையில் வேறொரு கணக்கு இருக்கிறது. தித்திகாகா ஏரிக்கரையின் சுகுய்த்தோ மாகாணத்திலிருந்து கிளம்பிய 2,200 மித்தாயோக்கள். மனைவி, பிள்ளைகள் எல்லாம் சேர்த்து ஏழாயிரம் பேர். உணவுக்கும் சுமைக்கும் முப்பதாயிரம் லாமாக்களும் அல்பாக்காக்களும். கரடு முரடான பாதையில், குளிரில், தரையில் படுத்து, இரண்டு மாத நடை. அவர்களில் திரும்பியவர்கள் இரண்டாயிரம் பேர்தான். சிலர் இறந்தார்கள். மற்றவர்கள் திரும்பிப் போக லாமா மிஞ்சாமல் பொட்டோசியிலும் பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலும் தங்கிவிட்டார்கள்.

அந்த ஏழாயிரம் பேர் கிளம்பிய ஊரைப் பார்க்காமல் திரும்ப அக்காவுக்கும் மனமில்லை. இரவு எட்டு மணிக்கு லா பாஸ் பஸ்.

ஏழாம் நாள், செவ்வாய், சுகுய்த்தோ

காலையில் லா பாஸ், அங்கிருந்து வேறு பஸ், தேசாகுவாதேரோவில் எல்லை தாண்டிப் பெரு. மதியத்துக்குள் வந்துவிட்டோம்.

சின்ன ஊர். சதுக்கத்தில் கல் வளைவுகள் கொண்ட நீளமான கோயில், சுற்றிலும் தாழ்ந்த வீடுகள், சரிவுக்குக் கீழே தித்திகாகா கடல் மாதிரி நீலமாக விரிந்து கிடக்கிறது. உருளைக்கிழங்கு வயல்கள். தூரத்தில் லாமாக்கள். ஸ்பானியர்கள் வருமுன் இது லுப்பாக்கா மக்களின் நாடு, ஆயிரக்கணக்கான லாமா வைத்திருந்த செழிப்பான மேய்ச்சல் சமூகம். அந்தச் செழிப்புதான் சுகுய்த்தோவுக்கு அவ்வளவு பெரிய ஆள்கணக்கைக் கொண்டுவந்தது.

கோயில் சுவரோரம் வெயிலில் ஒரு பாட்டி உட்கார்ந்து, பனியில் உறைய வைத்துக் காயவைத்த உருளைக்கிழங்கைத் துணியில் பரப்பிக்கொண்டிருந்தார். சூன்யோ என்பார்கள். கறுப்பாக, கூழாங்கல் போல, கையில் எடுத்தால் கனமே இல்லை. நெடுந்தூரம் நடக்கிறவர்கள் கட்டிக்கொண்டு போகும் உணவு. அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு ஸ்பானிய மொழி தெரியாது, பாட்டிக்கும் அய்மாராதான் சரளம். இருந்தும் சூன்யோவை எப்படிப் பரப்ப வேண்டும் என்று சைகையிலேயே கற்றுக்கொண்டுவிட்டாள்.

எங்கிருந்து வருகிறீர்கள் என்று பாட்டி என்னிடம் கேட்டார். பொட்டோசியிலிருந்து என்றேன்.

கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எப்போது கிளம்பினீர்கள் என்றார்.

நேற்று ராத்திரி என்றேன்.

"ஒரே ராத்திரியிலா?" என்று கேட்டுவிட்டு, ஒரு பிடி சூன்யோவை அள்ளி அக்காவின் மடியில் போட்டார்.